அளவுகோலை வெட்டின வாள் படம்

நேத்து உங்கள்ல ஒருத்தர் எனக்கு ஒரு பக்கத்தைக் காட்டுனீங்க. பேரு சொல்ல மாட்டேன், பயப்படாதீங்க. பழைய பட்டாளத்துப் பதக்கம் ஒண்ணு. பின்னால கறுப்பு வெல்வெட்டு, ஓரமா வெளிச்சம், கல்யாணப் பத்திரிகை கணக்கா அம்சமா இருந்துச்சு. ஆனா பக்கத்துல வச்சுப் படம் எடுத்த அளவுகோலைக் காணும். எங்கன்னு கேட்டேன். அது அசிங்கமா இருந்துச்சு மேடம், கம்ப்யூட்டர்ல வெட்டிட்டோம்னீங்க. வீட்டுக்குப் போயும் எனக்குச் சோறு எறங்கல.

ஓய்வு வாங்கின கிழவி, ஏதோ மரியாதைக்குக் கூப்பிட்டிருக்கு, ரெண்டு நல்ல வார்த்தை சொல்லிட்டுப் பொன்னாடையை வாங்கிக்கிட்டுப் போயிருவான்னு நெனச்சிருப்பீங்க. எங்கிட்ட இன்னைக்கு நல்ல வார்த்தை கிடையாது. வயித்தெரிச்சல்தான் இருக்கு. அதைத்தான் சொல்லப் போறேன்.

நாம போடுறது கதைப் பொஸ்தகம் இல்ல. பழைய வாளு, பதக்கம், துப்பாக்கி, பட்டாளத்துத் தொப்பியில குத்துற பித்தளை முத்திரை, இதெல்லாம் சேக்குறவன் கையில வச்சுக்கிட்டு, எதிர்ல இருக்கிற சாமான் அசலா போலியான்னு ஒப்பிட்டுப் பாக்குற பொஸ்தகம். அவன் சாமானைப் பாத்து நம்ம பொஸ்தகத்தை எடை போட மாட்டான். நம்ம பொஸ்தகத்தைப் பாத்துத்தான் சாமானை எடை போடுவான். ரெண்டும் ஒத்து வரலன்னா பொஸ்தகம் தப்புன்னு ஒரு பயலும் சொல்ல மாட்டான். சாமான் தப்புன்னுதான் சொல்லுவான். அந்தச் சாமானுக்குப் பின்னால ஒரு ஆளு நிப்பான். அவன் தலையில போய் விழும்.

தொண்ணூறுகள்ல நான் கோவில்பட்டியில ஒரு சின்னப் பதிப்பகத்துல இருந்தேன். எங்க முதலாளி மொதல்ல தீப்பெட்டி லேபிள் சேக்குறவங்களுக்கு ஒரு கையேடு போட்டாரு. அது நல்லா ஓடிச்சு. அந்த ருசியில அடுத்தாப்புல தென்பக்கத்துப் பழைய ஆயுதங்களுக்கு ஒரு பெரிய கையேடு போடணும்னு ஆசை வந்துட்டு. ஊரு ஊராப் போய் ஆயுதத்தைப் பாத்து, அளந்து, படத்துக்குக் கீழ விவரம் எழுதுறது என் சோலி. ஒரே ஒரு சட்டம் வச்சிருந்தேன். என்ன சாமானா இருந்தாலும் பக்கத்துல எண்ணு போட்ட அளவுகோலை வச்சுத்தான் படம் எடுக்கணும். போட்டோ எடுக்குறவரு சலிச்சுக்கிடுவாரு. சலிச்சுக்கிட்டா சலிச்சுக்கிடட்டும்.

கயத்தாறுக்குக் கெழக்க, கரிசக்காட்டுக்குள்ள ஒரு சின்ன ஊரு. ஆடு மாடு வச்சிருக்கிற குடும்பங்க, மழை பேஞ்சா பருத்தியும் உளுந்தும் போடுவாவ. அவிய சாமி கோயில்ல பாளையக்காரங்க காலத்து வாளு ஒண்ணு இருக்குன்னு கேள்விப்பட்டுப் போனோம். அந்த வாளு வருசத்துக்கு ஒருக்கா, கோயில் கொடைத் திருவிழா அன்னைக்குத்தான் பெட்டியை விட்டு வெளிய வரும். அதைத் தூக்கி ஆடுறவிய கிட்ணசாமி அண்ணாச்சி. அவிய அப்பாவுக்குப் பெறகு அவியதான். வேற ஒரு கை அதைத் தொடக் கூடாது. ரெண்டு பக்கமும் சந்தனத்தைக் கனமா அப்பி, செவப்புப் பட்டுல சுத்தி வச்சிருப்பாவ. தூக்கி ஆடும்போதும் சந்தனத்தோடதான் ஆடுவாவ. அதனால உள்ள இருக்கிற இரும்பு எப்படி இருக்கும்னு ஊருக்குள்ள அவியளைத் தவிர யாருக்கும் தெரியாது.

ஊர்ப் பெரியவருக்கு நாங்க வந்ததே புடிக்கல. படம் புடிச்சுக்கிட்டுப் போனா நாளைக்குச் சாமானும் பின்னாலயே போயிரும்னு சொன்னாவ. அவிய சொன்னதுல குத்தம் இல்ல, அப்படி எத்தனையோ கோயில்ல நடந்திருக்கு. கிட்ணசாமி அண்ணாச்சிதான் முன்னால வந்தாவ. நான் தூக்கி ஆடுற வாளு, அது பொஸ்தகத்துல ஏறுனா நம்ம சாமிக்குத்தான பெருமை, நான் பொறுப்புன்னு ஒத்த வார்த்தை சொன்னாவ. அந்த வார்த்தையில பெரியவர் எறங்கி வந்தாவ.

அவியளே வாளை வெளிச்சத்துக்குக் கொண்டாந்து, பன்னீரை ஊத்திச் சந்தனத்தைக் கழுவுனாவ. மத்தவிய எட்டத்துல நின்னு கும்புட்டாவளே தவிரக் கிட்ட வரல. சந்தனம் போன பெறகு பிடிக்குக் கிட்டக்க ஒரு முத்திரை தெரிஞ்சுச்சு. வட்டமா ஒரு சூரியன். ஒரு பக்கந்தான் இருந்துச்சு, மறுபக்கம் வெறும் இரும்பு. வாளை நிமித்திப் பிடிச்சு, வெட்டுற கூரு முன்னால பாக்க நின்னா சூரியன் வலது பக்கம் வரும். அப்படியே எழுதிக்கிட்டேன். அளவுகோலை வச்சுப் படம் எடுத்தோம். அண்ணாச்சி மறுபடியும் சந்தனத்தை அப்பிப் பட்டுல சுத்தி வச்சாவ. போகும்போது மோரு கொடுத்தாவ. பொஸ்தகம் வந்தா ஒண்ணு கொண்டாந்து சாமி முன்னால வையுங்க தங்கச்சின்னு சொன்னாவ.

பொஸ்தகம் முடியுற நேரத்துல எனக்கு அம்மை போட்டுட்டு. வேப்பிலைக்கு நடுவுல கிடந்தேன். நான் கிடக்கிற நேரத்துலதான் படப் பக்கத்தையெல்லாம் ஒட்டி, அச்சடிச்சு, பைண்டிங் முடிச்சு, பார்சலும் போட்டுட்டாவ. தலைக்குத் தண்ணி ஊத்தி நான் வேலைக்குத் திரும்பி வந்த அன்னைக்கே ஒரு பொம்பளை வந்து என் மேசைக்கு முன்னால நின்னா. கிட்ணசாமி அண்ணாச்சி வீட்டுக்காரி, ராமக்கா. துண்டுல சுத்தி எதையோ வச்சிருந்தா. பிரிச்சு மேசையில போட்டா. எங்க பொஸ்தகம். நான் எழுதுன பொஸ்தகத்தை நான் மொத மொத அவ கையிலதான் பாத்தேன்.

நடந்தது இதுதான். பொஸ்தகம் வாங்குன ஒரு சேகரிப்புக்காரரு, அதுல இருக்கிற வாளை நேர்ல பாக்கணும்னு காரைப் போட்டுக்கிட்டு அந்த ஊருக்குப் போயிருக்காரு. எங்க பேரைச் சொன்னதால அண்ணாச்சியும் நம்பிச் சந்தனத்தைக் கழுவிக் காட்டியிருக்காவ. அந்த மனுசன் பொஸ்தகத்தை விரிச்சு வச்சு வாளைப் பாத்திருக்காரு. பொஸ்தகத்துல சூரியன் இடது பக்கம். வாளுல வலது பக்கம். உடனே ஊருக்கு முன்னால வச்சே சொல்லிட்டாரு, இது அந்த வாளு இல்ல, அதைப் பாத்துப் பட்டறையில அடிச்ச போலி, செஞ்சவன் கூறுகெட்டு முத்திரையைப் பக்கம் மாத்திக் குத்திட்டான், அசலை யாரோ வெளிய வித்துட்டாவன்னு. சொல்லிட்டுப் பொஸ்தகத்தைப் பெரியவர் கையில கொடுத்துட்டுக் காரேறிப் போயிட்டாரு. எதிர்ல கிடக்கு இரும்பு, தொட்டுப் பாரு, தடவிப் பாருன்னு கிடக்கு. அதை நம்பல. தாளை நம்பிட்டாரு.

வாளைத் தொடுற கை ஒரே கை. அப்ப வித்த கை எதுன்னு ஊரு யாரைச் சொல்லும்? கோயில் சாவியை அவியகிட்ட இருந்து வாங்கிட்டாவ. டீக்கடையில அவிய உக்காந்தா பக்கத்துல இருக்கிறவன் எந்திரிச்சுப் போறான். கட்டிக் கொடுத்த மகளை மாமியார் வீட்டுல, உங்கப்பன் சாமியையே வித்தவன்தானன்னு குத்திக் காட்டுதாவ. கொடை பக்கத்துல வருது. இதையெல்லாம் ராமக்கா அழாமத்தான் சொன்னா. கடைசியா என்னைப் பாத்து ஒண்ணு கேட்டா.

"அன்னைக்கு நீயும் அங்கனதான நின்ன? எங்க வாளுக்கு எந்தப் பக்கம் சூரியன்னு நீயே உன் வாயால சொல்லு."

வலது பக்கம்னேன். அப்ப இது என்னட்டின்னு பொஸ்தகத்துல வெரலை வச்சா. நான் பாத்தேன். படத்துல வாளு திரும்பிக் கிடக்கு. பக்கத்துல அளவுகோலைக் காணும். அதை விடுங்க, கீழ என் விவரத்துல, நான் என் கையால வலதுன்னு எழுதுன எடத்துல, இடதுன்னு அச்சாயிருக்கு. பொஸ்தகத்தைத் தூக்கிக்கிட்டு எந்திரிச்சேன்.

நேரா முதலாளி அறைக்குப் போனேன். அவரு ஒண்ணும் மறைக்கல. மறைக்கணும்னே அவருக்குத் தோணல, அதுதான் கொடுமை. பக்கத்துல படத்தை அடுக்குற எங்க லே-அவுட்காரரு காலண்டர் அச்சுல தொழில் படிச்சவரு. சாமி படக் காலண்டர்ல ஆயுதம் இடது பக்கம் சாயக் கூடாது, சாஞ்சா மாட்டுற கடைக்கு ஆகாதுன்னு ஒரு சாத்திரம் வச்சிருக்காவ. நம்ம வாளு படத்துல முனை இடது பக்கம் சாஞ்சு கிடந்துச்சு. அவரு பிலிமை அப்படியே பொரட்டிப் போட்டுட்டாரு. பொரட்டுனதும் அளவுகோல்ல இருந்த எண்ணெல்லாம் கண்ணாடியில பாக்குற மாதிரித் திரும்பிட்டு. அதைப் பாத்தாவது புத்தி வரணுமா இல்லியா? எண்ணு அசிங்கமாத் தெரியுதுன்னு முதலாளி அச்சுக்குப் போற படத்துல அளவுகோலை வெட்டச் சொல்லிட்டாரு. பெறகு என் விவரத்தைப் படிச்சிருக்காரு. படத்துல இடது, எழுத்துல வலது. எழுத்தைத் திருத்திட்டாரு.

செருப்புக்குத் தக்கன காலை வெட்டுன கதை கேட்டிருப்பீங்க. நான் கண்ணால பாத்தேன். ஒரு தப்பு தானா நடந்துட்டு, சரி. அது தப்புன்னு சொல்றதுக்கு அந்தப் பக்கத்துலயே ரெண்டு சாட்சி இருந்துச்சு, அளவுகோலும் என் எழுத்தும். ரெண்டையும் கழுத்தைத் திருகிட்டு, பக்கம் இப்ப சுத்தமா இருக்குன்னு அச்சுக்கு அனுப்பியிருக்காவ. பிள்ளைகளா, தப்பு நடக்கிறது பெருசில்ல. தப்பைக் காட்டிக் கொடுக்கிறதை அசிங்கம்னு தூக்கி எறியிறவன் இருக்கான் பாருங்க, அவன்தான் இந்தத் தொழிலுக்கு எமன்.

முதலாளிகிட்ட நான் கேட்டது ரெண்டே ரெண்டு. பொஸ்தகம் வாங்குன அத்தனை பேருக்கும் இந்தப் படம் திரும்பிப் போச்சுன்னு ஒரு திருத்தச் சீட்டு அனுப்பணும். அசல் பிலிமை என் கையில தரணும், நான் ஊருக்குக் கொண்டு போய்க் காட்டணும். அவரு நாற்காலியில சாஞ்சுக்கிட்டுச் சொன்னாரு.

"ஏம்மா, ஒரு பக்கம் தப்புன்னு நாமளே சொன்னா மத்த பக்கத்தை எவன் நம்புவான்? ஊர்ச் சண்டை இன்னைக்கு வரும், நாளைக்குப் போகும்."

ஒரு பக்கம் தப்புன்னு ஒத்துக்கிட்டாத்தான் மத்த பக்கத்தை நம்புவான்னு நான் சொன்னேன். அவருக்கு ஏறல. நான் போட்ட சத்தத்துல வெளிய நின்ன ராமக்கா உள்ள எட்டிப் பாத்தா. சத்தம் போட்டதுக்கு இன்னைக்கு வரைக்கும் நான் வருத்தப்படல, இன்னுங் கொஞ்சம் போட்டிருக்கலாம்.

பிலிமை எடுத்துக் கொடுத்தது அந்த லே-அவுட்காரருதான். சாமி ஆடுற வாளுன்னு அவருக்கு யாரும் சொல்லியிருக்கல. சொன்னதும் மொகம் வெளிறிட்டு. முதலாளி வேண்டாம்னு சொல்லச் சொல்ல அலமாரியைத் தொறந்து என் கையில கொடுத்தாரு. கொடுத்துட்டும், இடது பக்கம் சாஞ்ச ஆயுதத்தை நான் எப்படிம்மா போடுவேன்னு என்கிட்டயே ஞாயம் கேக்குறாரு. பழி ஓரிடம் பாவம் ஓரிடம்னு சொல்லிட்டு ராமக்காவோட பஸ் ஏறிட்டேன்.

ஊர் மந்தையில பெரியவரு, நாலைஞ்சு தலைக்கட்டு ஆளுங்க, எல்லாரும் கூடிட்டாவ. கிட்ணசாமி அண்ணாச்சி ஓரமா ஒரு வேம்புக்குக் கீழ குத்தவச்சிருந்தாவ. ஆளு பாதியாப் போயிருந்தாவ. என்னைப் பாத்து எந்திரிச்சாவ, வாங்க தங்கச்சின்னாவ, திரும்ப உக்காந்துக்கிட்டாவ. என்னாலதான் இவ்வளவும்னு ஒரு சுடுசொல்லு சொல்லியிருந்தாக்கூட எனக்கு நிம்மதியா இருந்திருக்கும்.

நான் என் வாயால மொதல்ல சொல்லிப் பாத்தேன். அன்னைக்குக் கழுவும்போது நான் கிட்டக்க நின்னேன், சூரியன் வலது பக்கந்தான் இருந்துச்சுன்னேன். கூட்டத்துல ஒருத்தன், வேலிக்கு ஓணான் சாட்சியாக்கும்னான். நாலு பேரு சிரிச்சாவ. கோவம் எனக்கு மண்டைக்கு ஏறுச்சு, ஆனா அவன் கேட்டதும் ஞாயந்தான. படம் புடிக்கக் கூட்டியாந்தவளும் நான், பொஸ்தகம் எழுதுனவளும் நான். என் வாய்ச்சொல்லு அங்கன செல்லாது.

பிலிமை எடுத்துப் பெரியவர் கையில கொடுத்து, சூரியனுக்கு நேரா தூக்கிப் பாருங்கன்னேன். பாத்தாவ. வாளுக்குப் பக்கத்துல அளவுகோல் தெரிஞ்சுச்சு. எண்ணு நேராத் தெரியுதான்னு கேட்டேன். தெரியுதுன்னாவ. கூரு பாக்குற திசையை வச்சுப் பாத்தா சூரிய முத்திரை எந்தப் பக்கம்? வலது பக்கம். இப்ப பிலிமைப் பொரட்டுங்கன்னேன். பொரட்டுனாவ. எண்ணெல்லாம் திரும்பிட்டு, முத்திரை இடது பக்கம் போயிட்டு, வாளு அப்படியே பொஸ்தகத்துல இருக்கிற வாளா ஆயிட்டு. பெரியவரு அதைத் திரும்பத் திரும்பப் பொரட்டிப் பாத்தாவ. பெறகு கோயிலுக்குள்ள இருந்து வாளுப் பெட்டியைத் தூக்கியாரச் சொல்லி, சேகரிப்புக்காரரு வந்த அன்னைக்குக் கழுவுனபடியே சந்தனம் இல்லாமக் கிடந்த வாளைத் தொடாம, பிலிமைப் பக்கத்துல வச்சு ஒருக்காப் பாத்தாவ. ஒவ்வொருத்தனா வந்து பிலிமைத் தூக்கிப் பாத்தான். ஓணான் சாட்சின்னு சொன்னவனும் பாத்தான். பாத்துட்டுக் கூட்டத்துக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டான்.

பெரியவரு நல்ல மனுசன்தான், இல்லங்கல. இடுப்புல இருந்து கோயில் சாவியை எடுத்து நீட்டுனாவ. பொஸ்தகக்காரன் பண்ணின கூறுகெட்ட கோட்டித்தனம், நாங்களும் கொஞ்சம் அவசரப்பட்டுட்டோம், மனசுல வச்சுக்கிடாத, வந்து வாளைத் தொடு கிட்ணசாமின்னாவ. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துச்சு. முடிஞ்சுட்டு, சரியாக்கிட்டோம்னு நெனச்சேன். ராமக்கா முந்தானையால கண்ணைத் தொடைச்சா.

கிட்ணசாமி அண்ணாச்சி எந்திரிச்சு வந்தாவ. வாளைப் பாத்தாவ. கும்புட்டாவ. சாவியை வாங்கல.

"ஒரு படத்தைப் பாத்து என்னைக் கள்ளன்னீங்க. இன்னொரு படத்தைப் பாத்து நல்லவன்னு சொல்லுதீங்க. இம்புட்டு வருசமா தூக்கி ஆடுன என் மொகத்தை ஒருத்தரும் பாக்கலியே."

சத்தமாச் சொல்லல. சொல்லிட்டுத் துண்டை உதறித் தோள்ல போட்டுக்கிட்டு ஆட்டுக்கிடைப் பக்கம் நடந்து போயிட்டாவ. பெரியவரு நீட்டுன கையை மடக்கவும் முடியாம நின்னாவ. ராமக்கா பின்னாலயே ஓடினா. நான் பிலிமைக் கையில வச்சுக்கிட்டு நிக்கேன்.

அந்த வருசம் கொடைக்கு எல்லாரும் போய்க் காலைப் புடிக்காத குறையாக் கூப்பிட்டுப் பாத்தாவளாம், அவிய வரலன்னு கேள்விப்பட்டேன். வேற யாரும் தொடப் பயந்துட்டாவ. வாளு பெட்டிக்குள்ளயே இருந்துச்சு. கொட்டு அடிச்சாவ, பொங்கல் வச்சாவ, ஆடுறதுக்கு ஆள் இல்ல. பெறகு ஒருக்கா நான் அந்தப் பக்கம் போகும்போது அண்ணாச்சியைக் கிடையில பாத்தேன். ஆடு எப்படி இருக்கு, மழை உண்டான்னு பேசினாவ. வாளைப் பத்தி நானும் எடுக்கல, அவியளும் எடுக்கல. மோரு கொடுத்தாவ, குடிச்சிட்டு வந்தேன்.

திருத்தச் சீட்டு கடைசி வரைக்கும் போகல. நான் எழுதிக் கொடுத்ததை முதலாளி கிழிச்சுப் போட்டுட்டாரு. அடுத்த பதிப்புல ஒரு வார்த்தை சொல்லாம படத்தை நேராக்கிப் போட்டுக்கிட்டாரு, வழவழன்னு புதுக் காகிதத்துல, முன்னை விட அழகா. அந்தச் சேகரிப்புக்காரரு அதையும் வாங்கியிருப்பாரு. நல்ல பொஸ்தகம்னுதான் ஊரெல்லாம் பேரு. இன்னைக்கும் விக்குது. கிட்ணசாமி அண்ணாச்சி போன வருசம் போய்ச் சேந்துட்டாவ. சாகுற வரைக்கும் அந்த வாளை அவிய தொடவே இல்ல.